ஒன்பது சீட்டு

"யார் வேலை இது?"

செத்த பல்லியைத் தூக்குகிற மாதிரி அந்தச் சீட்டை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார் டீச்சர்.

நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் கதை வகுப்பு. ஆறு பேர் வருவார்கள். ஆளுக்கொரு கதைக்கருவைத் துண்டுத்தாளில் எழுதி, பேர் போடாமல் பிஸ்கெட் டப்பாவில் போட வேண்டும். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். இருபது நிமிஷத்தில் எல்லோரும் அதை வைத்து எழுதி, வாசிக்க வேண்டும்.

"'மூணு வருஷமாப் பேசாத அக்காவுக்குத் தங்கை போன் பண்றா. முதல் வாக்கியம் என்ன?' நாலு வாரமா இதே சீட்டு! அதெப்படி?"

டப்பாவைக் கவிழ்த்தார். மொத்தம் பதினாலு சீட்டு. ஒன்பதில் அதே வரி.

மேஜைமேல் இருந்த டீச்சரின் போன் அதிர்ந்தது. யாரென்றுகூடப் பார்க்காமல் குப்புறப் போட்டார். வாராவாரம் இதே நேரத்துக்கு அதிரும். வாராவாரம் அதற்கு இதே மரியாதைதான்.

"சொந்தமா யோசிக்கத் துப்பில்லாத யாரோ கள்ள ஓட்டுப் போட்டிருக்காங்க" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நான்தான் டீச்சர்."

எழுந்து நின்றவர் தையல்கார அம்மா. இதுவரை ஒரு கதைகூட எழுதியதில்லை. அடுத்தவர் வாசிக்கும்போது முதல் வரியை மட்டும் தன் அளவு நோட்டில் குறித்துக்கொள்வார்.

"நீங்களா! அடுத்தவங்க வரியைச் சுடறது போதாதுன்னு இது வேறயா? எழுத வரலைன்னா எதுக்கும்மா வர்றீங்க?"

"கதைக்காக வரலை டீச்சர். எங்கக்காகிட்ட பேசணும். அதுக்காக."

சிரிக்க வாயைத் திறந்த மருந்துக்கடைக்காரர் மூடிக்கொண்டார்.

"அம்மா கடைசியாப் படுக்கையில கிடந்தப்ப நான் போகலை. அக்கா ஒருத்தியேதான் எல்லாம் பார்த்தா. அதிலேருந்து பேச்சில்லை. வர்ற புதன்கிழமை அவளுக்கு இருதய ஆபரேஷன்."

நோட்டைப் பிரித்தார். பிளவுஸ் அளவுகளுக்கு நடுவே வரிசையாக முதல் வரிகள்; மூன்றை மட்டும் அடித்திருந்தார்.

"முதல் வாரம் மருந்துக்கடை சார் எழுதினது. 'அக்கா, அங்கே மழையா?' அப்படியே கேட்டேன். வச்சுட்டா. அடுத்த வாரம் காலேஜ் பொண்ணு எழுதினது. 'என்னை மன்னிச்சுடுக்கா.' நான் முடிக்கறதுக்குள்ளயே வச்சுட்டா. மூணாவது, 'அம்மா ஞாபகம் வந்துதுக்கா.' கொஞ்ச நேரம் மூச்சு விடற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் வச்சுட்டா."

நோட்டை மூடிவிட்டு மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"உங்க கதையிலெல்லாம் அக்கா உடனே அழுதுடறா சார். எங்கக்கா அழமாட்டேங்கறா."

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றார் டீச்சர். குரலில் முன்பிருந்த காரம் இல்லை. "மூத்தவ அவ்வளவு லேசுல இறங்கி வர மாட்டா. அவ மனசு உங்க யாருக்கும் புரியலை."

"உங்களுக்குப் புரியுது டீச்சர். அதனாலதான் விடாம சீட்டுப் போட்டேன். நீங்க ஒரு நாளாவது எழுத மாட்டீங்களான்னு."

போன் மறுபடி அதிர்ந்தது. குப்புறக் கிடந்தபடியே நகர்ந்து நகர்ந்து மேஜை விளிம்புக்கு வந்துவிட்டது. விழப்போனதைத் தையல்கார அம்மாதான் பிடித்தார்.

திரையில் 'தங்கச்சி' என்று இருந்தது.

அவர் ஒரு கணம் அதையே பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் டீச்சரிடம் நீட்டினார்.

"இவங்க என்ன சொன்னா நீங்க வைக்காம கேப்பீங்க, டீச்சர்? அதை மட்டும் சொல்லுங்க. புதன்கிழமைக்குள்ள எங்கக்காகிட்ட அதையே சொல்லிப் பார்க்கறேன்."