சென்ட்ரிங் பிரிக்கும் நாள்

காலை ஏழேகாலுக்கு வண்டி வந்து நின்றது.

மேஸ்திரி முதலில் ஊன்றுகோலை இறக்கினார். பிறகு மாவுக்கட்டுப் போட்ட காலை. கடைசியாகத் தன்னை.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் இந்த வீட்டுக்குக் கூரை போட்டார்கள். கம்பி கட்டியதையும் கான்கிரீட் கொட்டியதையும் அவர் பார்க்கவில்லை. படுக்கையிலிருந்து போனில் சொல்லச் சொல்ல, மனைவி நின்று செய்ய வைத்தாள். அதுவரை கலவைச் சட்டி சுமந்தவள்.

ஒன்றில் மட்டும் அவர் ஒற்றைக்காலில் நின்றார். கூரையைத் தாங்கும் பலகையும் முட்டுமான சென்ட்ரிங்கைத் தான் வந்துதான் பிரிக்க வேண்டும்.

"இருக்கறதே ஒத்தக்கால். வேற எதுல நிப்பீங்க?" என்றாள் மனைவி.

அவருடைய ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நடுப் பலகைகளை முதலில் இறக்கி வெளியே வைத்துவிடுவார்கள். அந்த இடத்தில், வெறுங்கூரைக்கு நேர் கீழே, மேஸ்திரி போய் நிற்பார். சுவரோரத்து முட்டுகளை ஆட்கள் வெளியிலிருந்து கயிறு கட்டி இழுப்பார்கள். கடைசி முட்டு விழும்வரை அவர் அசையமாட்டார். எல்லாம் அடங்கியதும் "வாங்க" என்பார்.

அந்தச் சொல் வரும்வரை யாரும் வாசலைத் தாண்டமாட்டார்கள்.

தான் போட்ட ஒவ்வொரு கூரைக்கும் அவர் நின்றிருக்கிறார். கண்ணால் பார்க்காத கூரைக்கு நிற்கப்போவது இதுதான் முதல்முறை.

வெளிக்கதவிலேயே வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். மொழி வாத்தியார்.

"மேஸ்திரிங்கற சொல்லைத் தேடிப் பார்த்தேன். கப்பலேறி வந்த சொல்லுங்க அது. வந்த ஊர்ல வாத்தியாருக்கும் அதே பேர்தான்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பங்காளி கிடைத்த சந்தோஷம். "வேரைத் தோண்டிக்கிட்டே போனா, 'அதிகம்'னு அர்த்தம். மத்தவங்களைவிட ஒருபடி அதிகம்."

"எதுல சார் அதிகம்? வாய்லயா?"

வாத்தியார் சிரித்தார். அதை அகராதி சொல்லவில்லை என்றார்.

மேஸ்திரி விந்தி விந்தி வாசலுக்குப் போனார்.

நடுப் பலகைகள் வெளியே அடுக்கியிருந்தன. ஜன்னல்களிலிருந்து கயிறுகள் தொய்ந்து தொங்கின.

"யாரு பிரிக்கச் சொன்னது?"

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "அக்காதான். விடியும்போதே வந்துட்டாங்க. ஓட முடியாதவரு கீழ நிக்கக் கூடாதுன்னாங்க."

அன்று மனைவி கிண்டல்தான் செய்தாள். சரி என்று சொல்லவே இல்லை. இப்போதுதான் அது உறைத்தது.

யார் நின்றது என்று கேட்க வாயெடுத்தவர், அதற்குள் உள்ளே பார்த்துவிட்டார்.

கூரை நின்றது. மயிரிழை விரிசல்கூட இல்லை.

சுவரோரம் முட்டுகள் விழுந்தபடியே கிடந்தன. தரை முழுக்கச் சிமெண்ட் தூசி கொட்டியிருந்தது. நடுவில் மட்டும் இரண்டு பாதங்களின் அளவுக்குத் தரை சுத்தமாக இருந்தது. அருகருகே இரண்டு பாதங்கள். தூசியெல்லாம் அடங்கும்வரை அவை அசையவில்லை. அதன் பிறகே வாசலை நோக்கி நடந்திருந்தன.

வேறு யாருடைய தடமும் உள்ளே இல்லை. 'வாங்க' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லாமல் அவருக்கு விட்டுவைத்திருந்தாள்.

இடது பாதத்தின் சுண்டுவிரல் வெளியே பிதுங்கியிருந்தது. அவரும் மனைவியும் சேர்ந்து வேலை பார்த்த முதல் கட்டடத்தில், அவர் கை தவறிவிட்ட செங்கல் செய்த வேலை.

தண்ணீர்த் தொட்டியருகே மனைவி தூசி படிந்த கூந்தலை உதறிக்கொண்டிருந்தாள். ஒரே காலையில் கிழவியாகியிருந்தாள். உதற உதற வயது குறைந்தது.

ஆட்கள் அவர் வாயையே பார்த்தபடி நின்றார்கள். உள்ளே போக வேண்டியதுதான் பாக்கி.

அவர் வாசலைத் தாண்டவில்லை. ஊன்றுகோலை நன்றாக ஊன்றிக்கொண்டார். தொட்டிப் பக்கம் திரும்பினார். எல்லோருக்கும் கேட்கும்படிக் குரல் கொடுத்தார்.

"மேஸ்திரி, உள்ள வரலாமா?"