செயலாளருக்கு ஓர் ஒப்பாரி

நாட்டுப்புற இசை வரலாற்றில் இந்நாள் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்படும் என்று முழங்கிய கலைக்கழகச் செயலாளர், கழுத்து மாலையோடு மேடையில் பிணமாகப் படுத்துக்கொண்டார். பிணமில்லாமல் ஒப்பாரி வராது என்று பாட வந்திருந்த ஒச்சம்மாள் சொல்லித் தப்பப் பார்த்ததற்கு இதுதான் ஏற்பாடு. அவள் தன் மகன் சாவில் பாடியதை அப்படியே பாட வேண்டுமாம்.

“அது எம் மவனுக்கு மட்டுந்தான். ஒங்களுக்குன்னா புதுசாத்தான் கட்டணும்.”

“தாராளமா கட்டுங்கம்மா” என்றது பிணம்.

“செத்தவுக செஞ்ச நல்லதைச் சொல்லித்தான் எடுக்கணும். தெரிஞ்சவுக ஒண்ணு சொல்லுங்கய்யா” என்று மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள்.

அரங்கு நிறைய ஆட்கள் இருந்தார்கள். யாரோ இருமினார்கள். செயலாளர் ஒரு கண்ணைத் திறந்து முன்வரிசையைப் பார்த்தார். அங்கே அவர் மனைவி கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.