ஆறாவது பாட்டு

"ஆறாவது பாட்ட மட்டும் வெச்சிக்கிட்டு மத்த ஏழையும் எடுத்துடலாம்பா. யாரும் சீண்டவே இல்லலா!"

வனஸ்ஸா கைப்பேசியை அப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். லூயிஸ் கண்ணாடியைத் தேடுவதுபோல் பாவனை செய்தார். கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது.

தேயிலை ஃபேக்டரியில் இயந்திரங்களைப் பழுது பார்த்த நேரம் போக, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரைக் கூட்டி அவர் பாடிச் சேர்த்த ஆல்பம் அது. விடிகாலைப் பனியில் தொடங்கி ராத்திரி அடுப்பு அணைவது வரை, தோட்டத்தில் ஒரு நாள். மொத்தம் எட்டுப் பாட்டு. மகள்தான் இணையத்தில் ஏற்றி விற்கிறாள். முழுசாகவும் வாங்கலாம், தனித்தனியாகவும் வாங்கலாம்.

"அது ஒரே கதைம்மா. நடுவுல ஒரு பாட்ட உருவி வித்தா, சட்டையில ஒரு கைய மட்டும் கிழிச்சி வித்த மாதிரி."

"அந்த ஒரு கையத்தான்பா எல்லாரும் கேக்குறாங்க! மேல திரிங்காப் ஊர்ல பத்துப் பேரு, கியா பார்ம் ஊர்ல பாதிப் பேரு. தோட்டம் வெச்சிருக்கிற சீன மொதலாளிங்க, தவுக்கேங்ககூட வாங்கியிருக்காங்க."

லூயிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். தமிழே தெரியாதவர்களுமா?

"முழுசா ஒருத்தரும் வாங்கலியா?"

"ஒரே ஒருத்தங்க. கியா பார்ம் ஸ்ட்ராபெரி தோட்டத்து மோகனா அக்கா."

"அவளையே கேட்டுட்டு வரேன். மத்த ஏழும் புடிச்சிருக்குன்னு ஒரு ஜீவன் இருந்தாப் போதும், ஒண்ணையும் தொடக் கூடாது. சரியா?"

"சரி. இல்லன்னா இன்னைக்கே ஏழும் அவுட்."

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் மேலே ஏறினார். கியா பார்ம் வளைவிலேயே அவர் குரல் அவரை வரவேற்றது. ஒலிபெருக்கியில் ஆறாவது பாட்டு. மழையில் கொழுந்துக் கூடையோடு ஓடும் கட்டம், உச்சத்தில் இழுத்துப் பாடியது. அடுத்த தோட்டத்திலும் அதே பாட்டு. அதற்கடுத்ததிலும். லூயிஸ் மோட்டாரை மெதுவாக்கினார். யாராவது அடையாளம் கண்டு கையசைத்தால் வசதியாக இருக்கட்டுமே. யாரும் அசைக்கவில்லை.

"வாங்கண்ணே!" மோகனா பழத்தட்டை வைத்துவிட்டு எழுந்தாள். "ஒங்க பாட்டு போட்ட நாள்லேருந்துதான் பழம் முழுசா கைக்கு வருது!"

செடிக்குப் பாட்டு பிடிக்கும் என்று லூயிஸ் எங்கோ படித்திருந்தார். இவ்வளவு பிடிக்கும் என்று படிக்கவில்லை.

"அப்ப எட்டையும் போடலாம்ல மோகனா? இன்னும் நெறய காய்க்குமே?"

"போட்டுப் பாத்தேண்ணே. அதுக்குத்தான் முழுசா வாங்குனேன்." அவள் தயங்கினாள். "மத்த ஏழும் இங்க சரிப்பட்டு வரல."

"நல்லால்லியா? கூசாம சொல்லு. அந்த ஏழோட தலையெழுத்தே இன்னைக்கு ஒன் வாயிலதான் இருக்கு."

"நல்லாத்தாண்ணே இருக்கு. அதான் தொல்லையே." மோகனா காட்டோர வேலியைக் காட்டினாள். "ஆறாவத போட்டாத்தான் கொரங்குங்க தெறிச்சி ஓடுது. மத்ததப் போட்டா, குட்டியும் குடும்பமுமா வந்து வரிசையா ஒக்காந்துக்கிட்டு, பாட்டு முடியிற வரைக்கும் நகர மாட்டேங்குதுங்க!"

லூயிஸ் நின்ற இடத்திலேயே கைப்பேசியை எடுத்தார். "வனஸ்ஸா, ஏழையும் எடுக்காதம்மா. ரசிகருங்க குடும்பத்தோட வராங்க."