ஸ்டாக் இல்லை மாமா

“ஸ்டாக் இல்லை மாமா,” என்றாள் அகல்யா. மேல் மாடி ராஜாராமனிடம் அவள் சொல்லும் நான்காவது பொய் அது.

வாசலில் நின்றபடியே அவர் உள்ளே பார்த்தார். சோபாவுக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டி திறந்து கிடந்தது.

“பதினோரு டப்பா இருக்கேம்மா.”

“அதெல்லாம் சொல்லி வெச்சவங்களுக்கு.”

“நானும் சொல்லித்தான் வெச்சேன். மூணாம் தேதி, எட்டாம் தேதி, பன்னெண்டாம் தேதி. இன்னிக்குப் பதினேழு.”

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. வற்புறுத்திக் கேட்டுப் பழக்கமில்லாதவர். மெல்ல மாடிப்படி ஏறிப் போனார்.

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பாதி, போரான் என்ற தாதுச்சத்து மாத்திரையை அகல்யாவிடம்தான் வாங்குகின்றன. எலும்புக்கும் மூட்டுக்கும் நல்லது, முழுக்கச் செடியிலிருந்து எடுத்தது, மாத்திரையின் மேல் கூடுகூட சைவம் என்று வீடு வீடாகச் சொல்லி விற்பவள். கடையில் அது கிடைக்காது.

உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு உஷாராணிக்குப் பொறுக்கவில்லை.

“ஏன்டி, போன வாரம் வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல என் தலையில ரெண்டு டப்பா கட்டின. வேணும்னு வந்து நிக்கிற பெரியவருக்கு இல்லையா?”

“அவருக்கு வேண்டாம் அக்கா.”

“அதை அவருல்ல சொல்லணும். உனக்கும் அவருக்கும் ஏதாவது சண்டையா?”

“அதெல்லாம் இல்லை.”

“அப்ப ஆளைப் பாத்துத்தான் வியாபாரமா? அச்சா, ரொம்ப நல்லா இருக்கு.”

பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப் குரூப்பில் விஷயம் வந்துவிட்டது. ‘வயசானவங்கன்னா சிலருக்கு இளப்பம்’ என்று பேர் சொல்லாமல் ஒரு வரி. அதற்குப் பதினாறு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். மூன்று பேர் தங்களுக்குச் சொல்லி வைத்த டப்பா வேண்டாம் என்றார்கள்.

அந்த மூன்று பெயரையும் அகல்யா நோட்டில் அடித்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மீனாக்ஷி மாமி வந்தாள். ராஜாராமனின் மனைவி. மூன்று மாடி இறங்கி வந்ததில் நிற்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“குரூப்பைப் பார்த்தேன். என்னாலதானே உனக்கு இந்தப் பேச்சு?”

“விடுங்க மாமி.”

“இன்னும் கொஞ்ச நாள் இல்லைன்னே சொல்லிண்டிரு. கிட்னி சரியா வேலை செய்யலை, இந்த மாதிரி மாத்திரையெல்லாம் அவர் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நான் தடுத்தா ஏன்னு கேப்பார்.”

“மாமாகிட்ட சொல்லிடலாமே?”

“சாப்பாட்டுல உப்பைக் குறைச்சுட்டேன். டாக்டர் குடுத்த மாத்திரையை பிரஷருக்குன்னு சொல்லிக் குடுக்கறேன். விஷயத்தைச் சொல்ல மட்டும் வாய் வரலை. எதையும் எண்ணிண்டே இருக்கற மனுஷர். தெரிஞ்சா இருக்கற நாளை எண்ண ஆரம்பிச்சுடுவார்.”

திரும்பிப் போகும்போது மாமி ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறினாள்.

இரண்டு நாள் கழித்து ராஜாராமன் மறுபடி வந்தார். மாமி கோயிலுக்குப் போயிருந்த நேரம்.

“மாமா, ஸ்டாக்...”

“இல்லை, தெரியும். ஒரு நிமிஷம் உள்ளே வரலாமா?”

சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“குரூப்ல உன்னைப் பத்தி வந்ததை பக்கத்து வீட்டு அச்சுதன் இப்பத்தான் காட்டினான். அகல்யா எனக்கு ஒரு குறையும் வைக்கலைன்னு அவனை விட்டே எழுதச் சொல்லிட்டேன்.”

“பரவாயில்லை மாமா.”

“மாமி உன்கிட்ட சொல்லி வெச்சிருக்கா. இல்லையா?”

அகல்யாவின் பார்வை மாடிப்படிப் பக்கம் போனது.

“போன மாசம் ரெண்டு தடவை டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்தேன். ஃபைல்ல ஒரு ரிப்போர்ட்தான் இருந்தது. இன்னொண்ணுக்கு நானே டிஸ்பென்சரிக்குப் போய் நகல் வாங்கிண்டேன். கிட்னி விஷயம் எனக்கும் இருபத்தாறு நாளாத் தெரியும்.”

“தெரிஞ்சுமா கேட்டீங்க? அது உங்களுக்கு ஆகவே ஆகாது மாமா.”

“எனக்கு எதுக்கு? முழங்கால் வலி அவளுக்குத்தானே. மாடி ஏறி வர அம்பத்துநாலு படி. ஆறு இடத்துல நிக்கறா. டாக்டர்கிட்ட கேட்டேன். அவளுக்குக் கெடுதல் இல்லை, ஆனா கேக்குமான்னு உறுதியாச் சொல்ல முடியாதுன்னார். சாப்பிட்டுத்தான் பாக்கட்டுமே.”

“அப்ப மாமிக்குன்னே கேட்டிருக்கலாமே.”

“தனக்குன்னா வாங்க விடமாட்டா. கல்யாணமாகி நாப்பத்தேழு வருஷம். தனக்குன்னு ஒரு தைலம்கூட வாங்கிண்டதில்லை.”

அகல்யா எழுந்து பெட்டியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். எடுத்தவள் அவரிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“உங்களுக்குன்னு வாங்கிட்டுப் போனா மட்டும் மாமி எப்படி மாமா சாப்பிடுவாங்க?”

“திருப்பிக் குடுக்க வருவா. நீ வாங்கிக்காதே, அது போதும்.”

ராஜாராமன் டப்பாவை வாங்கி அதில் எத்தனை மாத்திரை என்று படித்தார். பிறகு கூச்சத்தோடு சிரித்தார்.

“சாமானைத் தூக்கிப் போடற வழக்கம் அவளுக்குக் கிடையாது. நான் எடுத்து முழுங்கிடுவேனோங்கற பயத்துல, தினம் ஒண்ணா அவளே சாப்பிட்டுத் தீர்த்துடுவா.”