ஐந்தாவது நிலா

வெளிநாட்டில் தனியறையில் இருந்த தம்பி, தொலைநோக்கியின் கண் வைத்துப் பார்க்கும் முனையில் போனை மாட்டி, வியாழனையும் அதன் நான்கு பெரிய நிலாக்களையும் வீடியோ காலில் அக்காவுக்குக் காட்டினான்.

"என்னடா, அஞ்சு இருக்கு?"

"தூசிக்கா." லென்ஸைத் துடைத்தான். ஐந்தாவது புள்ளி இடம் மாறி நின்றது.

"தனியா இருக்கேன்னு மூக்கால அழுதியே, துணைக்கு ஆள் வந்தாச்சு!" அக்கா சிரித்தாள்.

அவன் தொலைநோக்கியின் முன்வாயை மூடியால் இறுக்கி மூடினான். திரையில் வியாழன் மறைந்தது. நான்கு நிலாக்களும் மறைந்தன.

அக்காவின் சிரிப்பு நின்றது. "டேய், அது மட்டும் இன்னும் இருக்குடா. பெருசாகிட்டே வருது. போனை அங்கேருந்து எடுத்துடாதே."

"சரிக்கா."

இரண்டு கைகளாலும் போனை அழுத்திப் பிடித்துக்கொண்டான். தொலைநோக்கிக் குழாய்க்குள்ளிருந்து ஏதோ அதை மெதுவாகத் தள்ளியது.