முப்பத்தொரு பங்கு

அரிசிப் பானைக்குள்ளிருந்து கைக்காப்பு பேசியது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து அன்றோடு ஐந்து வருடம். பூரணம் பிழைத்ததற்கான காரணங்களை அது வாசித்தது: ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தது, நூற்றுக்கு நாற்பது பங்கு. நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாதது, இருபத்தொன்பது. காப்பு நினைவூட்டியதால் ஒரு பரிசோதனையும் தவறாதது, முப்பத்தொன்று.

பூரணத்துக்குச் சிரிப்பு வந்தது. பரிசோதனை நாட்களை நினைவூட்ட ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட அந்தப் பேசும் மின்னணுக் காப்பை, நச்சரிப்பு தாங்காமல் முதல் வாரமே கழற்றிப் பானைக்குள் போட்டவள் அவள்.

நினைவூட்டியது பக்கத்து வீட்டிலிருக்கும் ஓரகத்தி சீனியம்மாள். வேலித் தகராறில் இருவருக்கும் ஏழு வருடமாகப் பேச்சில்லை. ஆனாலும் தன் காலண்டரில் குறித்துவைத்து, பரிசோதனை நாள் காலையில் தன் ஆட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வாள்: "யாரோ இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணுமாம்ல. ஏழரை பஸ்ஸ விட்டா அடுத்தது பதினோரு மணிக்குத்தான்."

பூரணம் வேலியோரம் போய் நின்றாள். "அக்கா, நான் பொழச்சிட்டேன். உங்களாலதான்."

சீனியம்மாளுக்குக் கண் கலங்கியது. சட்டென்று ஆட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உள்ள வந்து சாப்பிடச் சொல்லு. மீன் கொழம்பு ஆறுது."