திருடன் தட்டு

"எனக்குத் திருடன் தட்டு போதும்மா" என்றார் ஆல்வின்.

பரிமாறும் பெண் விழித்தாள். திருடன் தட்டு என்பது குழந்தைகளுக்கு. வெறும் தட்டும் முள்கரண்டியும் வரும், காசு கிடையாது. அப்பா அம்மா தட்டிலிருந்து பிள்ளைகள் திருடித் தின்றுகொள்ளலாம். ஆல்வினுக்கு எண்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

மனைவி ஹெட்விக்குக்கு மட்டும் வறுத்த வெங்காயம் தூவிய மாட்டு ரோஸ்டும், ஸ்பெட்ஸ்லே நூடுல்ஸும் சொன்னார்.

பக்கத்து மேசையில் ரோஸ்விதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சர்ச் முடிந்து கணவர் கெப்ஹார்டோடு சாப்பிட வந்திருந்தாள். ஸ்வாபியா ஆட்கள் கஞ்சர்கள் என்று ஜெர்மனி முழுக்கக் கேலி பேசுவார்கள். அந்தப் பேரைக் காப்பாற்ற இவர் ஒருவரே போதும் என்று முணுமுணுத்தாள்.

ரோஸ்ட் வந்தது. ஹெட்விக் அதைப் பார்த்தபடி சும்மா இருந்தாள். ஆல்வின் எட்டி, பெரிய துண்டாகப் பார்த்துக் குத்தி எடுத்தார்.

"அது என்னுது" என்றாள் ஹெட்விக்.

அவர் கரண்டி மறுபடியும் நீண்டது. அவள் முந்திக்கொண்டு அடுத்த துண்டை வாயில் போட்டு அவசரமாக விழுங்கினாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

"அந்தம்மா எலும்பும் தோலுமா இருக்கு. அது தட்டுலயே கை வைக்கிறாரே, மனுஷனா இவர்?" என்றாள் ரோஸ்விதா.

"ஊர் வம்பு நமக்கெதுக்கு? சூப் ஆறுது, குடி" என்றார் கெப்ஹார்ட்.

அவள் கேட்கவில்லை. பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டு, அந்தப் பெரியவருக்கும் ஒரு ரோஸ்ட் கொடுக்கச் சொன்னாள். தங்கள் பில்லில் எழுதிக்கொள்ளவும் சொன்னாள். கெப்ஹார்ட் அசந்துபோனார். அவர் இரண்டாவது பீர் கேட்டாலே முகம் சுளிக்கிறவள் அவள்.

தட்டு வந்ததும் ஆல்வினின் முகம் வாடிவிட்டது. நாலு பேர் பார்க்கக் கொடுத்ததைத் திருப்பி அனுப்பவும் முடியாது. நன்றி சொல்லித் தலையசைத்தார். ஆனாலும் மனைவியின் தட்டுக்கே கரண்டியை நீட்டினார். ரோஸ்விதாவுக்கு அதுவும் பொறுக்கவில்லை.

"உங்களுக்குத்தான் தனியா வந்திருக்கே" என்ற ஹெட்விக், தன் தட்டை அப்படியே அவர் பக்கம் தள்ளிவிட்டாள். "வேணும்னா இதையும் எடுத்துக்குங்க."

கொஞ்ச நேரத்தில் எழுந்து கை கழுவப் போய்விட்டாள். ரோஸ்ட் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

ரோஸ்விதா நாற்காலியைத் திருப்பினாள். "பார்த்தீங்களா, நீங்க பண்ணின கூத்துல அந்தம்மாவுக்குச் சாப்பாடே இறங்கலை."

ஆல்வினுக்குக் கோபம் வரவில்லை. மனைவி போன கதவையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுக்கப்புறம் அவ எதையும் வாயில வைக்கிறதில்லைங்க. கெஞ்சிப் பார்த்தேன், ஊட்டிப் பார்த்தேன். நான் பிடுங்கப் போனா மட்டும்தான், குடுக்க மாட்டேன்னு சாப்பிடுவா."